அணுமின்சாரமா, நிலக்கரியா: ஒரே கேள்விக்கு இரண்டு விடை வருவது ஏன்?

ஆறாம் படிவ ஆசிரியை (காப்பார்)

அனைவருக்கும் வணக்கம். நான் காப்பாரில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். மின்சாரம் தயாரிப்பதில் எது மலிவு என்பதை ஆராய்ந்து வரும்படி இரண்டு அணிகளுக்கு இடுபணி கொடுத்திருந்தேன். அணுமின்சாரத்திற்கு ஒரு கிலோவாட் மணிக்கு 3 அமெரிக்க சென்ட் ஆகும் என்று ஓர் அணி எழுதியிருக்கிறது. 14 சென்ட் ஆகும் என்று மற்றோர் அணி எழுதியிருக்கிறது. நிலக்கரிக்கு மட்டும் இரு அணிகளும் ஏறத்தாழ ஒரே விடையை, அதாவது 7 முதல் 9 சென்ட் வரை என்று தந்துள்ளன. எண்களை எவரும் கற்பனையாக எழுதவில்லை, நானே சரிபார்த்துவிட்டேன்.

இது எங்கள் ஊருக்கு வெறும் தேர்வுக் கேள்வியன்று. செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அந்த நிலையத்தின் மின் கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. புதிய நிலக்கரி நிலையங்கள் இனி இல்லை என்று மலேசிய அரசு அறிவித்துவிட்டது. 2010இல் அறிவிக்கப்பட்ட பொருளாதார உருமாற்றத் திட்டத்தில், 2021இல் முதல் அணு உலை இயங்கும் என்று எழுதப்பட்டிருந்தது. 2018இல் அன்றைய பிரதமர் மகாதீர் அணுமின்சாரம் வேண்டாம் என்றார். இப்போது 13ஆவது மலேசியத் திட்டத்தில் அந்தப் பேச்சு மீண்டும் வந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றும் பதினான்கும் எப்படி ஒரே பொருளின் விலையாக இருக்க முடியும்? கணக்கு போடத் தெரிந்தவர்கள் முறையை விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

செலவுக்கணக்கன் (கிள்ளான்)

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் இருவேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 3 சென்ட் என்பது, அமெரிக்காவில் கடன் எல்லாம் அடைபட்டு முடிந்த பழைய அணு உலைகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு ஆகும் செலவை ஒட்டிய எண். 14 சென்ட் என்பது, இன்று புதிதாக ஓர் உலையைக் கட்டி, அதற்குப் போட்ட முதலை உயர்ந்த வட்டியோடு மீட்பதற்கு ஆகும் செலவு. கட்டி முடித்த வீட்டின் பராமரிப்புச் செலவையும் புது வீட்டின் மாதத் தவணையையும் ஒப்பிட்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும்.

புதிய நிலையத்திற்கு எப்படிக் கணக்கிடுவது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறேன். மாணவர்கள் ஒரு விரிதாளில் போட்டுப் பார்க்கலாம். 1,000 மெகாவாட் அணு உலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட்டுக்கு 6,000 டாலர் கட்டுமானச் செலவு என்று வைத்தால் மொத்தம் 6 பில்லியன் டாலர். இது வட்டி சேராத தொகை. ஆண்டில் 90 விழுக்காட்டு நேரம் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கும் மின்சாரம் 7.9 பில்லியன் கிலோவாட் மணி. முதலீட்டை 40 ஆண்டுகளில் சம தவணைகளில் திருப்ப வேண்டும். கட்டுவதற்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஏழு ஆண்டுகளிலும் செலவு சீராக நடக்கிறது. வருமானம் எதுவும் இல்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இவையே நிபந்தனைகள்.

வட்டி வீதம் 3 விழுக்காடு என்றால் ஒரு கிலோவாட் மணியின் தலையில் ஏறும் முதலீட்டுச் சுமை 3.7 சென்ட். 7 விழுக்காடு என்றால் 7.3 சென்ட். 10 விழுக்காடு என்றால் 11.1 சென்ட். உலை ஒன்றே, சிமெண்டும் இரும்பும் ஒன்றே, பொறியாளர்களும் அவர்களே. வட்டி மட்டும் மாற, செலவு மூன்று மடங்காகிவிட்டது. இதன்மேல் எரிபொருளுக்கு 1 சென்ட், இயக்கத்திற்கும் பராமரிப்பிற்கும் 2 சென்ட், கழிவுக்கும் பின்னாளில் உலையைக் கலைப்பதற்கும் ஒதுக்கும் 0.2 சென்ட் ஆகியவற்றைக் கூட்டினால், மூன்று வட்டி வீதங்களுக்கும் முறையே 6.9, 10.5, 14.3 சென்ட் வருகிறது. உங்கள் இரண்டாம் அணியின் 14 இங்கேதான் இருக்கிறது.

இனி நிலக்கரி. ஒரு கிலோவாட்டுக்கு 2,000 டாலர், கட்டுமானம் நான்கு ஆண்டுகள், ஆயுள் 30 ஆண்டுகள், 80 விழுக்காட்டு ஓட்டம் என்று வைத்தால், முதலீட்டுச் சுமை அதே மூன்று வட்டி வீதங்களுக்கும் 1.6, 2.6, 3.7 சென்ட் மட்டுமே. ஒரு டன் நிலக்கரி 100 டாலர் என்றால் எரிபொருளுக்கு 3.8 சென்ட்டும், இயக்கத்திற்கு 1 சென்ட்டும் சேர்த்து 6.4, 7.4, 8.5 சென்ட் வருகிறது. இரு அணிகளுக்கும் நிலக்கரியில் ஏன் பெரிய வேறுபாடு வரவில்லை என்பது இதிலிருந்து புரியும். நிலக்கரி நிலையத்தில் வட்டி சின்னப் பகுதி. எரிபொருள்தான் பெரிய பகுதி. அணு உலையில் இது தலைகீழ்.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு அணுமின்சாரத்திற்கு 6.7 சென்ட்டும் நிலக்கரிக்கு 4.2 சென்ட்டும் கணக்கிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்துப் புதுப்பித்தபோது அவை 8.4, 6.2 என்று உயர்ந்தன. அந்த ஆய்வில் அணு உலைக்குப் பணம் போடுபவர் கூடுதல் ஆபத்துக்காகக் கூடுதல் இலாபம் கேட்பார் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கூடுதலை நீக்கினால் இடைவெளி வெகுவாகக் குறையும் என்பதையும் அவர்களே காட்டியிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி

கணக்கன் ஐயாவின் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் "ஏழு ஆண்டுகள்" என்று அவர் எழுதிய இடத்தில் நான் நின்றுவிட்டேன். யார் ஏழு ஆண்டுகளில் கட்டினார்கள்?

பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலையை 2005இல் கட்டத் தொடங்கி 2009இல் முடிப்பதாகச் சொன்னார்கள். வழக்கமான மின்னுற்பத்தி 2023 ஏப்ரலில்தான் தொடங்கியது. 3 பில்லியன் யூரோ என்ற மதிப்பீடு ஏறத்தாழ 11 பில்லியனாக ஆனது. பிரான்சின் ஃபிளமான்வில் உலை 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில் மின்கட்டமைப்பில் இணைந்தது, 3.3 பில்லியன் 13 பில்லியனைத் தாண்டியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டல் நிலையத்தின் இரு புதிய உலைகள் 2023இலும் 2024இலும் வந்து சேர்ந்தன; தொடக்கத்தில் 14 பில்லியன் டாலர் என்றார்கள், முடிவில் 30 பில்லியனுக்கும் மேல். இரண்டும் சேர்ந்து 2,200 மெகாவாட்டை ஒட்டியவை. வகுத்துப் பாருங்கள்: வட்டியும் சேர்த்து ஒரு கிலோவாட்டுக்கு 13,000 டாலருக்கு மேல் வருகிறது. ஐயா போட்ட 6,000 எங்கே?

நான் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். செம்பனை மறுநடவுக்குக் கடன் வாங்கினால், கன்று காய்க்கும் வரைக்கும் வட்டி நிற்காது. காய்ப்பு ஓராண்டு தள்ளிப்போனாலும் அந்தக் கடன் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நமக்கு அண்டை நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. பிலிப்பீன்சின் பத்தான் அணுமின் நிலையம் 621 மெகாவாட். 1976இல் கட்டத் தொடங்கி 2 பில்லியன் டாலருக்கு மேல் செலவானது. செர்னோபில் விபத்து நடந்த ஆண்டில் அதை ஓட்டப் போவதில்லை என்று புதிய அரசு முடிவு செய்தது. ஒரு கிலோவாட் மணி மின்சாரம்கூட அதிலிருந்து வரவில்லை. கடனை மட்டும் அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டினார்கள். அதற்கு எத்தனை சென்ட் என்று எழுதுவது?

செலவுக்கணக்கன் (கிள்ளான்)

கிராணி ஐயா கேட்டதைக் கணக்கில் ஏற்றிப் பார்ப்போம். கட்டுமானச் செலவு ஒரு காசும் கூடவில்லை, காலம் மட்டும் ஏழிலிருந்து பதினான்கு ஆண்டுகளாகிறது என்று வையுங்கள். 7 விழுக்காட்டு வட்டியில் முதலீட்டுச் சுமை 7.3 சென்ட்டிலிருந்து 9.5 சென்ட்டாக ஏறும். நடைமுறையில் காலம் நீண்டால் கட்டுமானச் செலவும் கூடும் என்பதால் அடி இரட்டிப்பாக விழும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐயா எடுத்துக்காட்டிய மூன்றும் அந்தந்த நாடுகள் வெகுகாலம் உலை கட்டாமல் இருந்துவிட்டு, வரைபடம் முழுமையாக முடியாத புதிய வடிவமைப்பைக் கட்டத் தொடங்கியவை. ஐக்கிய அரபு சிற்றரசின் பராக்கா நிலையத்தைப் பாருங்கள். 2009 டிசம்பரில் தென்கொரிய நிறுவனத்தோடு ஏறத்தாழ 20 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம். தலா 1,400 மெகாவாட்டில் நான்கு உலைகள். முதல் உலையின் கட்டுமானம் 2012இல் தொடங்கி, அது 2021இல் வணிக உற்பத்திக்கு வந்தது. நான்காவது 2024இல் வந்தது. அதற்கும் தாமதம் உண்டு, ஒப்பந்தத் தொகைக்கு மேலும் செலவு உண்டு. இருந்தாலும் முன்பு அணுமின்சாரமே இல்லாத ஒரு நாடு அது. ஒரே வடிவமைப்பை ஒரே குழு அடுத்தடுத்துக் கட்டியதால் கிடைத்த பலன் அது என்பது என் கருத்து.

ஆலைப் பொறியாளர்

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். அதற்கு முன் மின் நிலையத்தில் வேலை செய்தவன். எரிபொருள் பக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கணக்கன் அவர்கள் நிலக்கரிக்கு 3.8 சென்ட் போட்டது எப்படி வருகிறது என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். நிலையத்தின் வெப்பத்திறன் 38 விழுக்காடு, அதாவது எரிபொருளின் வெப்பத்தில் 38 விழுக்காடே மின்சாரமாகும் என்றால் ஏறத்தாழ 9.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோவில் 6,000 கிலோகலோரி, அதாவது 25 மெகாஜூல் உள்ள நல்ல நிலக்கரியில் அதற்கு 0.38 கிலோ போதும். இந்தோனேசியாவிலிருந்து வரும் நிலக்கரியில் ஈரம் அதிகம். 5,000 கிலோகலோரி தரத்தில் 0.45 கிலோ வேண்டும். விலையை டன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரத்தைக் கேட்காமல் விடுபவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள்.

இப்போது நிலக்கரி விலையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுக விலை 2020இல் டன்னுக்கு 50 டாலரளவுக்கு இறங்கியது. 2022இல் 400 டாலரைத் தாண்டியது. முதல் விலையில் எரிபொருள் செலவு 2 சென்ட்டுக்கும் குறைவு, இரண்டாவதில் 15 சென்ட். இரண்டே ஆண்டுகளில் நடந்தது இது. அதே 2022 ஜனவரியில் இந்தோனேசியா தன் நாட்டுத் தேவையைக் காரணம் காட்டி ஏற்றுமதியையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. நமது தீபகற்ப நிலையங்கள் முழுக்க முழுக்க இறக்குமதி நிலக்கரியில் ஓடுபவை. மஞ்சோங், காப்பார், ஜிமா, தஞ்சோங் பின் எல்லாமே கடலோரத்தில் இருப்பதற்குக் காரணமே அதுதான். 1,000 மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 2.6 முதல் 3.2 மில்லியன் டன் வரை கப்பலில் வந்திறங்க வேண்டும்.

யுரேனியத்தின் கதை வேறு. அதே 1,000 மெகாவாட் உலைக்கு ஆண்டுக்கு 27 டன் அளவுக்குச் செறிவூட்டிய எரிபொருள் போதும். அதைத் தயாரிக்க ஏறத்தாழ 200 டன் இயற்கை யுரேனியம் வேண்டும். யுரேனிய ஆக்சைடு ஒரு பவுண்டு 80 டாலர் என்றால் ஆண்டுக்கு 42 மில்லியன் டாலர்; 7.9 பில்லியன் கிலோவாட் மணியால் வகுத்தால் 0.5 சென்ட். விலை இரட்டிப்பானாலும் மின்சாரச் செலவில் இன்னொரு அரை சென்ட்தான் கூடும். தவிர, இரண்டாண்டுக்கான எரிபொருளை வாங்கி ஒரு கட்டடத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நிலக்கரியை அப்படி வைக்க முடியாது. குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

எரிவாயுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய கூட்டுச் சுழற்சி நிலையம் (எரிவாயு விசையாழியின் கழிவு வெப்பத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பது) கட்டுவதற்கு மலிவு. ஒரு கிலோவாட்டுக்கு 1,000 டாலரை ஒட்டி வரும். வெப்பத்திறன் 57 விழுக்காடு என்றால், எரிவாயு விலையில் ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 1 டாலர் கூடும்போதெல்லாம் மின்சாரச் செலவில் 0.6 சென்ட் கூடும். விலை 10 டாலரில் மொத்தம் 8 சென்ட் அளவில் நிற்கும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு நெடுங்காலம் மறைந்தே இருந்தது. மின் நிலையங்களுக்கான எரிவாயு விலை 1997இலிருந்து 2008 வரை ஒரு மில்லியன் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.40 வெள்ளியில் (ரிங்கிட்) கட்டி வைக்கப்பட்டிருந்தது. டாலருக்கு 3.80 வெள்ளி என்றிருந்த மாற்று விகிதத்தில் அது 2 டாலர்கூட இல்லை. மின்கட்டணத்தில் தெரியாத செலவை, வெளியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தை இழந்த வகையில் நாடு ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆலையிலும் இதே பாடம்தான். நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கிறோம். ஓட்டுக்கு விலையில்லை என்றிருந்த காலம் போய், ஜப்பானிய உயிர்த்திரள் நிலையங்கள் அதை வாங்கத் தொடங்கிய பிறகு, கொதிகலனுக்குள் தள்ளும் ஒவ்வொரு டன் ஓட்டுக்கும் ஒரு விலை எழுதியாக வேண்டியிருக்கிறது. சந்தை விலையில் கணக்கிடாத எந்த எரிபொருள் ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

ஜெராம் வாசகி

இத்தனை சென்ட்களிலும் புகைக்கு ஒரு சென்ட்டும் இல்லையே? கரிப்புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவு யார் கணக்கில் வருகிறது? அதேபோல அணுக்கழிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் காவல் காக்க 0.2 சென்ட் போதும் என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை. ஃபுக்குஷிமாவைப் பற்றி எவருமே பேசவில்லை.

செலவுக்கணக்கன் (கிள்ளான்)

அம்மா கேட்ட மூன்றுக்கும் எண்கள் உண்டு. ஆனால் மூன்றின் உறுதியும் ஒரே அளவினதன்று.

கரியமில வாயு எளிது. நிலக்கரி நிலையம் ஒரு மெகாவாட் மணிக்கு 0.9 டன்னை ஒட்டி வெளியிடும். எரிவாயு நிலையம் 0.4 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வெளியிடும். ஒரு டன்னுக்கு 10 டாலர் கரிம வரி போட்டால் நிலக்கரி மின்சாரத்தில் 0.9 சென்ட் ஏறும். என் முந்தைய கணக்கின்படி, 3 விழுக்காட்டு வட்டியில் 6 டாலர் வரியே அணுவையும் நிலக்கரியையும் சமமாக்கிவிடும். 7 விழுக்காட்டில் 34 டாலர் வேண்டும். 10 விழுக்காட்டில் 64 டாலர் வேண்டும். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்குக் கரிம வரி கொண்டுவரப்படும் என்று நம் அரசு அறிவித்தது. அதன் அளவு எவ்வளவு என்பதே இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது.

தூசு, கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றால் வரும் உடல்நலக் கேட்டையும் சேர்த்து மதிப்பிட ஐரோப்பிய ஆணையம் 1990களில் பெரியதோர் ஆய்வுத் தொடரை நடத்தியது. நிலக்கரிக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 2 முதல் 15 யூரோ சென்ட் வரையிலும், அணுமின்சாரத்திற்கு 0.2 முதல் 0.7 வரையிலும் வெளிப்புறச் செலவு உண்டு என்பது அதன் முடிவு. இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்கு, நிலையம் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எத்தனை பேர் அருகில் வாழ்கிறார்கள், ஓர் உயிருக்கு என்ன மதிப்பு வைக்கிறோம் என்பவை காரணம். குறைந்தபட்ச எண்ணை எடுத்தாலும் 7 விழுக்காட்டு வட்டியில் நிலக்கரியின் முன்னிலையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

கழிவைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் ஒரு கிலோவாட் மணிக்கு 0.1 சென்ட் வீதம் பல்லாண்டுகள் வசூலித்தார்கள். பணம் சேர்ந்தது, புதைக்க இடம் அமையவில்லை. யுக்கா மலைத் திட்டம் அரசியலில் சிக்கி நின்றது. 2014இல் வசூலையே நிறுத்தினார்கள். பின்லாந்தோ ஒன்கலோ என்னும் இடத்தில் பாறைக்கு அடியில் கழிவுக் கிடங்கைக் குடைந்திருக்கிறது. அம்மா, கழிவின் செலவு பணமாகப் பார்த்தால் சிறியதுதான். அதைப் புதைக்க ஓர் ஊரை இணங்க வைப்பதுதான் கடினம். அந்தக் கடினத்திற்கு என் விரிதாளில் கட்டம் இல்லை.

ஃபுக்குஷிமா விபத்தின் மொத்தச் செலவை ஜப்பானிய அரசு 2016இல் 21.5 டிரில்லியன் யென் என்று மதிப்பிட்டது. அது 200 பில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவு. செர்னோபில் 1986, ஃபுக்குஷிமா 2011. இடையில் 25 ஆண்டுகள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2,600 பில்லியன் கிலோவாட் மணி அணுமின்சாரம் உற்பத்தியாகிறது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை 200 பில்லியன் டாலர் விபத்து நிகழும் என்று வைத்து, அதை எல்லா உலைகளும் பகிர்ந்துகொண்டால், ஒரு கிலோவாட் மணிக்கு 0.3 சென்ட் வரும்.

ஓய்வுபெற்ற கிராணி

0.3 சென்ட் என்பது உலகம் முழுவதும் பங்கு போட்டால் வரும் எண். ஆனால் அந்தப் பங்கீட்டை எவரும் செய்யவில்லையே. ஜப்பானின் விபத்துக்கு ஜப்பானியர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். ஒக்குமா, ஃபுத்தாபா ஊர்க்காரர்கள்தான் வீட்டை விட்டுப் போனார்கள். அமெரிக்காவில் 1957 முதல் உள்ள சட்டப்படி உலை உரிமையாளரின் பொறுப்புக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் போனால் என்ன செய்வது என்பது நாடாளுமன்றத்தின் பாடு. ஆகவே முழுக் காப்பீட்டுத் தொகையைக் கட்டும் அணு உலை உலகில் எங்கும் இல்லை. சிறிய நாடு ஒன்று ஓர் உலையை வைத்திருந்தால் அந்த நாட்டின் கணக்கில் சராசரிக்கு இடமில்லை.

பாங்கி மாணவன்

ஐயா, நான் பாங்கியில் படிக்கிறேன். இங்கே 1982 முதல் ஓர் ஆய்வு உலை இருக்கிறது. 1 மெகாவாட் அளவுக்கு வெப்பம் தருவது, மின்சாரம் எடுப்பதற்கல்ல. இப்போது எங்கு பார்த்தாலும் சிறு உலைகளைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து பொருத்துவதால் தாமதமும் வட்டியும் குறையும் என்கிறார்கள். கிராணி ஐயாவின் கவலைக்கு அது தீர்வாகாதா?

ஆலைப் பொறியாளர்

தம்பி, கருத்து நல்லதுதான்; விலைப்பட்டியலில் இன்னும் ஏறவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநில நகராட்சிகளுக்காக நூஸ்கேல் நிறுவனம் 462 மெகாவாட் சிறு உலைத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஒரு மெகாவாட் மணிக்கு 58 டாலர் என்ற இலக்கு விலை 2023 தொடக்கத்தில் 89 டாலராக ஏறியது. அரசு மானியத்தைக் கழித்த பிறகும் அந்த விலை. அதே ஆண்டு நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். கொதிகலனானாலும் உலையானாலும் சிறியதாகச் செய்தால் ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவு கூடும் என்பது பழைய விதி. நூற்றுக்கணக்கில் செய்தால்தான் அதை வெல்ல முடியும். முதல் நூறை வாங்குபவர் யார்?

ஆனால் நம் மின்கட்டமைப்புக்குச் சிறிய உலை பொருந்தும் என்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. தீபகற்பத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தொட்டிருக்கிறது. இப்போது ஓடும் மிகப்பெரிய தனி அலகுகள் 1,000 மெகாவாட் அளவினவை. கொரிய வகை 1,400 மெகாவாட் உலை ஒன்று திடீரென நின்றால், அந்த 1,400ஐயும் உடனே ஈடுகட்டும் அளவுக்கு மற்ற நிலையங்கள் எப்போதும் தயார் நிலையில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அதற்கும் எரிபொருள் எரிகிறது, அதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் உலையின் பெயரில் எழுதுவதில்லை.

ஆறாம் படிவ ஆசிரியை (காப்பார்)

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, 3, 7, 10 ஆகிய மூன்று வட்டி வீதங்களில் நம் நாட்டுக்கு எது பொருத்தமானது? பிள்ளைகளின் விடை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. இரண்டாவது, காப்பார் நிலையம் ஏற்கெனவே கட்டப்பட்டது; 2029க்குப் பிறகும் அதையே ஓட்டினால் என்ன என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

செலவுக்கணக்கன் (கிள்ளான்)

முதல் ஐயத்திற்கு: ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. அவ்வாண்டின் பணவீக்கம் 2 விழுக்காட்டுக்குள் இருந்ததால், உண்மையான ஈட்டம் நாலரை விழுக்காட்டை ஒட்டி வரும். நான் மேலே போட்ட கணக்குகள் பணவீக்கம் நீக்கியவை. எனவே அவற்றோடு ஒப்பிட வேண்டியது இந்த நாலரைதான். அரசே உத்தரவாதம் கொடுத்து, நம் சேமநிதிப் பணம் போன்ற பொறுமையான முதலீட்டில் கட்டினால் 4, 5 விழுக்காடு என்று எழுதலாம். தனியார் தன் ஆபத்தில் கட்டுவதென்றால் 8க்குக் குறைந்து எவரும் வரமாட்டார்கள். உலையும் எரிபொருளும் டாலரில் வருவதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1997 தொடக்கத்தில் டாலருக்கு 2.50 வெள்ளியாக இருந்தது 1998 செப்டம்பரில் 3.80 வெள்ளியில் கட்டப்பட்டது. டாலர் கடனில் கட்டியிருந்தால் அந்த ஒன்றரை ஆண்டிலேயே கடன் பாதிக்கு மேல் பெருத்திருக்கும்.

இரண்டாவது ஐயத்தில் அந்த மாணவி சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். கட்டி முடித்த நிலையத்தின் முதலீடு திரும்பி வராத செலவு. அதை இனிமேல் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே பழைய நிலக்கரி நிலையத்தின் செலவு எரிபொருள் 3.8, இயக்கம் 1, மொத்தம் 4.8 சென்ட், பழசானதால் வெப்பத்திறன் குறைந்து எரிபொருளும் பழுதுபார்ப்பும் சற்றுக் கூடும். எந்தப் புதிய நிலையமும், அணுவோ எரிவாயுவோ, இதனோடு நேருக்கு நேர் போட்டியிட முடியாது. கரிம வரி இல்லாத வரையில் பழையதை ஓட்டுவதே மலிவாகத் தெரியும். அதே தர்க்கப்படி, கட்டி முடித்த அணு உலையை மூடுவதும் பெரும்பாலும் நட்டக் கணக்கு.

ஓய்வுபெற்ற கிராணி

கணக்கன் ஐயா "அரசே உத்தரவாதம் கொடுத்து" என்று எழுதினார். ஆபத்து அதனால் மறையவில்லை. வங்கியின் பேரேட்டிலிருந்து நம் மின்கட்டண ரசீதுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஜார்ஜியாவில் 2009இல் ஒரு சட்டம் போட்டு, உலை கட்டி முடியும் முன்பே, 2011 முதல் வாடிக்கையாளர்களின் ரசீதில் நிதிச்செலவை ஏற்றினார்கள். அங்கே உலையாவது வந்தது. பக்கத்துத் தென் கரோலினாவில் இரண்டு உலைகளுக்கு 9 பில்லியன் டாலர் செலவழித்த பிறகு 2017இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். மக்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்டில் அப்படியில்லை. ஒரு மெகாவாட் மணிக்கு 92.50 பவுண்டு, 2012ஆம் ஆண்டு விலையில், 35 ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். கட்டுமானச் செலவு 18 பில்லியன் பவுண்டிலிருந்து 30 பில்லியனைத் தாண்டியபோது கூடுதல் சுமை கட்டுபவர் தலையில் விழுந்தது. விலை அதிகம், ஆனால் உற்பத்தி தொடங்கும் வரை வாடிக்கையாளர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே டீச்சர், பிள்ளைகளின் விரிதாளில் வட்டி வீதத்திற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள்: தாமதமானால் பணம் கட்டுவது யார்? 4 விழுக்காடு என்று எழுதும் பிள்ளை அந்தக் கட்டத்தில் "மின்கட்டணம் செலுத்துவோர்" என்று எழுத வேண்டும். 10 என்று எழுதும் பிள்ளை "முதலீட்டாளர்" என்று எழுதலாம்.

ஆலைப் பொறியாளர்

கிராணி ஐயா சொன்ன கட்டத்தை நிலக்கரி அணியின் தாளிலும் போடுங்கள். இங்கே எரிபொருள் விலை ஏறினால் அதைக் கட்டணத்தில் ஏற்றி இறக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து அது மாதந்தோறும் நடக்கிறது. 2022இல் நிலக்கரி 400 டாலரானபோது வந்த சுமையின் பெரும்பகுதியை வீட்டுப் பயனீட்டாளர்களுக்காக அரசு மானியமாக ஏற்றது, தொழிற்சாலைகள் கூடுதல் கட்டணமாகச் செலுத்தின. நிலக்கரி நிலையத்தின் உரிமையாளர் அந்த ஆபத்தில் பங்கெடுக்கவில்லை. 7 விழுக்காட்டு வட்டியில் நிலக்கரி டன்னுக்கு 180 டாலரைத் தாண்டினாலே அணுவுக்குச் சமமாகிவிடும் என்பதையும் மாணவர்கள் போட்டுப் பார்க்கட்டும். 30 ஆண்டுச் சராசரி விலைக்குத்தான் அது பொருந்தும், ஓராண்டு உச்சத்திற்கு அன்று.